தாடை நடுக்கம்: மாத்திரையா, ஊசியா, அறுவையா, அப்படியே விடுவதா?

அப்பா காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திடீரென்று பல்செட் கடகடவென்று அடிக்கத் தொடங்கும். சமையலறையில் இருந்தபடியே அம்மா சொல்வாள்: "மாத்திரை இறங்கிடுச்சு போல, மணி பாரு." பார்த்தால் பத்தே கால். ஆறு மணிக்குப் போட்ட மாத்திரையின் வேகம் தீர்ந்திருக்கும். அடுத்த மாத்திரைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்.

பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்த வீடுகளில் கை நடுக்கத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. தாடை நடுக்கம் என்று போனால், டாக்டர் மூன்று நான்கு வழி சொல்லி, "வீட்ல கலந்து பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார். கலந்து பேச நமக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒன்றரை வருடம் ஓடியது. அதே இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஃபைலும் கையுமாக அலைந்த மகள். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். பார்க்கின்சன் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

## எதை வைத்து எடை போடுவது

கையும் தாடையும் ஒன்றல்ல. நடுக்கத்தை அடக்கப் போய்க் கை கொஞ்சம் தளர்ந்தால் சமாளித்துக்கொள்ளலாம். வாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. அதே வாய்தான் மெல்ல வேண்டும், விழுங்க வேண்டும், பேச வேண்டும். இந்த மூன்றிலும் பார்க்கின்சன் ஏற்கெனவே கை வைத்திருக்கும். தாடை நடுக்கத்துக்கென்று சொல்லப்படும் வழிகளில் பெரும்பாலானவை வாயிடமே கூலி கேட்கின்றன. ஒன்று வாயை உலர்த்தும், ஒன்று மெல்லும் பலத்தைக் குறைக்கும், இன்னொன்று பேச்சைக் குழறவைக்கும்.

அதனால் "எது நன்றாகக் குறைக்கும்" என்று மட்டும் கேட்காமல், ஒவ்வொரு வழியிடமும் நாங்கள் ஐந்து கேள்வி கேட்டோம். தாடைக்குப் பலன் உண்டா? விழுங்குவதும் பேச்சும் என்ன ஆகும்? மறதி, குழப்பம் வருமா? ஒத்துவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? பணம், பயணம், கூட வர ஆள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு என்ன ஆகும்?

இவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும்: "இதனால உங்களுக்கு என்ன கஷ்டம்?" அப்பா சொன்ன பதில் எங்களுக்கு எதிர்பாராதது. நடுக்கம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சத்தம்தான் தாங்கவில்லை. பல்செட் அடிக்கிற சத்தத்தில் டிவியே கேட்கவில்லை என்றார்.

## அதற்கும் முன்னால்: இது எந்த நடுக்கம்?

பார்க்கின்சனின் தாடை நடுக்கம் பெரும்பாலும் சும்மா இருக்கும்போது வருவது. நொடிக்கு 4 முதல் 6 தடவை, மேலும் கீழுமாக. பேச ஆரம்பித்தால், மெல்ல ஆரம்பித்தால் அடங்கும் அல்லது குறையும். தூக்கத்தில் நின்றுவிடும். மனம் பதறினால் கூடும். "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்க" என்று டாக்டர் கேட்பதே ஒளிந்திருக்கும் நடுக்கத்தை வெளியே இழுக்கத்தான்.

இதற்கு மாறாக, பேசும்போதே தாடை நடுங்குகிறது, குரலும் நடுங்குகிறது, தலை 'இல்லை இல்லை' என்பதுபோல ஆடுகிறது என்றால் அது வேறு வகை நடுக்கமாக இருக்கலாம், அதற்கு மருந்தும் வேறு. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வாய் எதையோ மெல்லுவதுபோல நெளிகிறது, கோணுகிறது என்றால் அது நடுக்கமே இல்லை. பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபா கொண்டுவரும் டிஸ்கைனீசியா, அதாவது உடம்பு தன்னால் நெளிவது. அதை நடுக்கம் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினால் இன்னும் கூடத்தான் செய்யும்.

இன்னொரு வகை நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது: வேறு மாத்திரையால் வரும் நடுக்கம். வயிற்று உப்புசத்துக்கு எழுதும் கேஸ் மாத்திரைகள் சிலவற்றில் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குப் பழக்கமாகிப்போன சின்னரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத்தலைவலிக்கான ஃப்ளூனரிசின், மனநோய்க்கான பல மருந்துகள் எல்லாம் பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. பார்க்கின்சன் இல்லாதவருக்கே இவற்றால் தாடையும் உதடும் ஆடலாம். முயல் மூக்கை அசைப்பதுபோல உதடு வேகமாக ஆடும் நிலைக்கு டாக்டர்கள் முயலின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சுழல் உண்டு. லெவோடோபா தொடங்கியதும் குமட்டும். பக்கத்துக் கிளினிக்கில் மெட்டோகுளோபிரமைடு எழுதிக் கொடுப்பார்கள். நடுக்கம் கூடும். லெவோடோபா ஏறும், குமட்டலும் ஏறும். பார்க்கின்சன்காரர்களுக்குக் குமட்டலுக்குப் பொதுவாக டோம்பெரிடோன் கொடுப்பது இதனால்தான், அதற்கு முன் இதயத்துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அப்பாவின் கேஸ் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, கடைசி வரியில் லெவோசல்பிரைடு இருந்தது. எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூடவே போனில் மூன்று வீடியோ: மாத்திரைக்கு முன் சும்மா உட்கார்ந்திருக்கையில், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, பேசிக்கொண்டிருக்கையில். ஆலோசனை அறையில் தாடை நல்ல பிள்ளையாக இருந்துவிடும். வீடியோ காட்டிக்கொடுக்கும்.

## வழி 1: அப்படியே விடுவது

இதையும் ஒரு வழியாக எண்ண வேண்டும். ஓய்வில் மட்டும் வரும் நடுக்கம் சாப்பாட்டைக் கெடுப்பதில்லை. பல பேருக்குத் தங்கள் தாடை ஆடுவதே தெரியாது, பார்க்கிற குடும்பத்துக்குத்தான் சங்கடம். அப்படியானால் சிகிச்சை யாருக்காக என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

விடுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று அர்த்தமில்லை. சூயிங்கம் மென்றால் சிலருக்குத் தற்காலிகமாக அடங்கும் (அடிக்கடி புரையேறுபவருக்கு வேண்டாம்). பல் கட்டியிருப்பவர்களுக்குத் தாடை எலும்பு தேயத் தேயக் கீழ்ப்பல்செட் தளர்ந்துபோகும். பல் டாக்டரிடம் காட்டி இறுக்கமாக்கினாலே சத்தத்தில் பாதி போய்விடும். பல் டாக்டரிடம் நேரம் வாங்கும்போது மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிற மாதிரி வாங்குங்கள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது அவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுங்கள், பேசுகையில் தாடை நிற்கும். கொரோனா மாஸ்க் காலத்தில் அப்பா ரொம்ப நிம்மதியாக இருந்தார் என்பது இப்போதுதான் புரிகிறது.

இரவில் போடும் பல் உறையை யாராவது பரிந்துரைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள். பார்க்கின்சன் நடுக்கம்தான் தூங்கும்போது வராதே? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு அந்த உறை உதவும், நடுக்கத்துக்கு அல்ல.

## வழி 2: இருக்கிற லெவோடோபாவைச் சரிசெய்வது

யாராக இருந்தாலும் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். செலவு அநேகமாக இல்லை, பின்வாங்கவும் முடியும்.

முதலில் அளவை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். சாப்பாட்டிலுள்ள புரதமும் லெவோடோபாவும் உடலுக்குள் நுழைய ஒரே வாசலுக்குப் போட்டி போடுகின்றன. எங்கள் வீட்டில் இட்லி சாம்பார், ஒரு டம்ளர் பால், அதோடு மாத்திரை என்று அம்மா அன்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பின்போ வெறும் தண்ணீரில் போட ஆரம்பித்ததும் பத்தே கால் கடகட பதினொன்றைத் தொட்டது. மலச்சிக்கலைச் சரிசெய்வதும் இதோடு சேர்ந்த வேலைதான். வயிறு மந்தமாக இருந்தால் மாத்திரையும் மந்தமாகத்தான் ஏறும்.

அதன் பிறகுதான் இடைவெளியைக் குறைப்பது, அளவைக் கூட்டுவது, வீரியம் சீக்கிரம் இறங்காமல் பிடித்துவைக்கும் என்டகாபோன் சேர்ப்பது எல்லாம். என்டகாபோன் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பார்க்கின்சனின் அறிகுறிகளில் லெவோடோபாவுக்கு எப்படிக் கட்டுப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது நடுக்கம்தான். விறைப்பும் மந்தமும் நன்றாகக் குறைந்து, நடுக்கம் மட்டும் அசையாமல் நிற்பது உண்டு. ஆனால் "மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்டும் முன், போதுமான அளவு கொடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். குறைந்த அளவிலேயே நின்றுகொண்டு மருந்தைக் குறை சொல்பவர்கள் நிறைய.

மறைமுகக் கட்டணம்: எழுந்து நின்றால் தலைசுற்றல், குமட்டல், சிலருக்கு இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிவது, வருடங்கள் போகப் போக டிஸ்கைனீசியா. மாத்திரை இறங்கும் நேரத்தில் நடுக்கம் வருகிறவருக்கு இதுவே மிக நல்ல வழி. மாத்திரை உச்சத்தில் வாய் நெளிபவருக்கு இதே வழி ஆகாது.

## வழி 3: கூடுதல் மாத்திரைகள்

டிரைஹெக்சிபெனிடில் லெவோடோபாவுக்கும் மூத்த மருந்து. நடுக்கத்துக்கு நன்றாகக் கேட்கும், விலையும் மிகக் குறைவு. எச்சில் ஒழுகுபவருக்கு அதையும் குறைக்கும். அறுபதுக்குக் கீழே இருப்பவர், ஞாபகசக்தி தெளிவாக இருப்பவர், நடுக்கமே முதல் தொல்லையாக இருப்பவர் என்றால் யோசிக்கத் தகுந்த வழி.

வயது ஏற ஏற இதன் உண்மையான விலை தெரியும். வாய் காய்ந்துவிடும். காய்ந்த வாயில் பல்செட் ஒட்டாது, சொந்தப் பல் சொத்தையாகும், சோறு தொண்டையில் இறங்காது. தாடையைச் சரிசெய்யப் போட்ட மாத்திரையால் வாய்க்கு வேறு வழியில் தொல்லை. மலச்சிக்கல் கூடும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு மூத்திரம் அடைபடலாம். சில வகைக் கண் அழுத்த நோயுள்ளவர்கள் தொடவே கூடாது. எல்லாவற்றையும்விட மறதியும் குழப்பமும். எங்கள் தெருவில் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் இந்த மாத்திரையில் இருந்தபோது, நடு ராத்திரி எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, பஸ் போய்விடும் என்று வாசலில் நிற்பார். டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகு அது நின்றது. எழுபது வயதுக்காரருக்கு யாராவது இதை எழுதினால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பிரமிபெக்சோல் இன்னொரு தேர்வு. நடுக்கத்துக்கு உதவும். ஆனால் பகலில் திடீர்த் தூக்கம், கால் வீக்கம், அப்புறம் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று: அடக்க முடியாத ஆசைகள். ஆன்லைன் ரம்மியில் பணம் போவது, தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது. இந்த மாத்திரை தொடங்கினால் வங்கிக் கணக்கின் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

பேசும்போதும் நடுங்குகிறவருக்குச் சில சமயம் புரோப்ரனலால் கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் ஆகாது.

## வழி 4: பொட்டுலினம் ஊசி

அழகு நிலைய விளம்பரங்களில் வரும் அதே போடாக்ஸ்தான். மருத்துவத்துக்குள் வந்தது சுருக்கம் நீக்க அல்ல. 1989-இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி பெற்ற மருந்து இது.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, காதுக்குக் கீழே தாடை முனையில் விரல் வையுங்கள். புடைத்து எழும் தசையில்தான் பெரும்பாலும் ஊசி போகும், இரண்டு பக்கமும். தேவைப்பட்டால் நெற்றிப்பொட்டுத் தசையிலும். சில நாளில் தளர்வு தெரியும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உச்சம், சுமார் மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். மூளைக்குப் போவதில்லை, மறதி இல்லை, மற்ற மாத்திரைகளோடு மோதுவதும் அரிது. வயதானவருக்கு, மாத்திரைகளைக் கூட்ட முடியாதவருக்கு, தாடை மட்டும்தான் பிரச்சினை என்பவருக்கு என் வாக்கு இதற்குத்தான்.

ஆதாரம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்க்கின்சன் தாடை நடுக்கத்துக்கென்றே 2006-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இருந்தவர்கள் மூன்றே பேர். மூவருக்கும் பலன் கிடைத்தது. பெரிய ஆய்வுகளை நம்பி இதைக் கொடுப்பதில்லை. தாடைத் தசைகளில் வேறு நோய்களுக்குப் போட்டுப் போட்டு வந்த கைப்பழக்கத்தை நம்பிக் கொடுக்கிறார்கள். அதனால் ஊசியைவிட, போடுகிற கை முக்கியம். தாடையை மூடும் தசையில் போடுவது எளிது. திறக்கும் தசைகள் ஆழத்தில் இருப்பவை. அங்கே மருந்து சற்று நகர்ந்தாலும் விழுங்குவது கெடும். அங்கே போடுவதானால் தசையின் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி ஏற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மறைமுகக் கட்டணம் இரண்டு. ஒன்று பலவீனம். அப்பாவுக்கு முதல் தடவை அளவு சற்றுக் கூடிவிட்டது. கடகட நின்றது, ஆனால் மூன்று வாரம் தோசையையே பிய்த்து ஊறவைத்துச் சாப்பிட்டார். குறைவாகத் தொடங்கி ஏற்றச் சொல்லியிருக்கலாம், எங்களுக்கு அப்போது தெரியாது. ஏற்கெனவே தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவர் விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே இதற்குப் போக வேண்டும். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் போடமாட்டார்கள்.

இரண்டாவது, வருடம் மூன்று நான்கு தடவை என்கிற கணக்கு. ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம் ரூபாய், பயணம், யாராவது ஒருவரின் ஒரு நாள் லீவு. பிராண்ட் மாற்றினால் யூனிட் கணக்கு மாறும். ஒன்றில் 50 யூனிட் என்றால் இன்னொன்றிலும் 50 என்று இல்லை. எந்தப் பிராண்ட், எத்தனை யூனிட், எந்தத் தசை என்று ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

எச்சிலும் ஒழுகுகிறது என்றால் அதே நாளில் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இந்த ஊசி போட முடியுமா என்று கேட்கலாம். ஒரே பயணத்தில் இரண்டு வேலை. வாய் உலர்வதும் சேர்ந்து வரும் என்பதை மனதில் வையுங்கள்.

## வழி 5: மூளைக்குள் போவது

டி.பி.எஸ். என்கிற ஆழ்மூளைத் தூண்டல் 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் நடுக்கத்துக்காகத் தொடங்கியது. மெல்லிய மின்முனைகளை மூளைக்குள் இறக்கி, நெஞ்சில் தோலுக்கடியில் பேட்டரி வைப்பார்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் செய்கிறார்கள். நடுக்கத்தை அடக்குவதில் கெட்டிக்காரச் சிகிச்சை, தாடையும் அடங்கலாம்.

ஆனால் தாடைக்காக மட்டும் யாரும் இதைச் செய்துகொள்வதில்லை, செய்துகொள்ளவும் கூடாது. தாடை உடலின் நடுக்கோட்டில் இருப்பது. ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலன் உறுதியில்லை, பொதுவாக இரண்டு பக்கமும் தேவைப்படும். இரண்டு பக்கமும் செய்தால் பேச்சு குழறும் வாய்ப்பு கூடும். சாதனத்தின் அமைப்பை மாற்றினால் ஓரளவு சரியாகலாம், முழுதாக என்று சொல்ல முடியாது. செலவு பல லட்சம். சாதாரணப் பேட்டரி சில வருடங்களில் தீரும், மாற்ற மறுபடியும் சிறு அறுவை. சார்ஜ் செய்யும் வகை நீண்ட நாள் வரும், ஆனால் சார்ஜ் போட வீட்டில் ஆள் வேண்டும். முதல் சில மாதம் அமைப்பைச் சரிசெய்யத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பிசியோதெரபியில் கொடுக்கும் டையதெர்மி சூடு அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கூடாது.

கையும் நடுங்குகிறது, மாத்திரையின் ஏற்ற இறக்கம் தாங்கவில்லை, மறதி இல்லை, உடம்பு அறுவையைத் தாங்கும் என்பவருக்கு இது சரி. தாடைக்குக் கிடைப்பது அதில் கொசுறு.

மண்டையைத் திறக்காமல் மீயொலியைக் குவித்து மூளையின் ஒரு புள்ளியைச் சுடும் முறையும் இருக்கிறது. நடுக்கம் மேலோங்கிய பார்க்கின்சனுக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது ஒரு பக்கத்துக்கு மட்டும். சுட்டது சுட்டதுதான், டி.பி.எஸ். போலத் திரும்ப அணைக்க முடியாது. ஒரு கை நடுக்கத்துக்கு நல்லது. தாடைக்காக என்று கேட்டால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

## நாங்கள் போன வழி

கேஸ் மாத்திரையை டாக்டர் மாற்றினார். அதன் பலன் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது, நடுவில் பொறுமையிழந்து இரண்டு பேரிடம் இரண்டாம் கருத்துக் கேட்டோம். மாத்திரை நேரம் மாறியது. கீழ்ப்பல்செட்டை இறுக்கினோம். இவ்வளவுக்கும் சேர்ந்து நடுக்கம் முக்கால்வாசி குறைந்தது. மிச்சத்துக்குத்தான் ஊசி, இரண்டாம் தடவையிலிருந்து அளவைக் குறைத்து. இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு தடவை.

இந்த முறை ஊசி அக்டோபரில் விழுந்தது. அப்பா டாக்டரிடம், "தீபாவளி முடியட்டுங்க, முறுக்கு கடிக்கணும்" என்றார். டாக்டர் காலண்டரைப் புரட்டிப் பார்த்து, "சரிங்கய்யா" என்று நவம்பரில் தேதி போட்டார்.